ராக்கெட் கம்பெனி ஆர்டரை நம்பித் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி:

"சார், வணக்கம்ங்க. கோயமுத்தூர் கணபதியில் 24 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் மூன்று சி.என்.சி. லேத், இரண்டு வி.எம்.சி. மில்லிங் மெஷின் இருக்கின்றன. பம்ப் கம்பெனிகளுக்கும் டெக்ஸ்டைல் மெஷின் பாகங்களுக்கும் ஜாப் ஒர்க். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கடன் எதுவும் இல்லை. மகன் மெக்கானிக்கல் முடித்து, பெங்களூரில் ஒரு ஏரோஸ்பேஸ் கம்பெனியில் நான்கு வருஷம் இருந்துவிட்டு இப்போது வந்திருக்கிறான். 'பம்ப் வேலையில் பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மாசாமாசம் பேரம். இனி ராக்கெட்தான்ப்பா' என்கிறான். ஒரு தனியார் ராக்கெட் கம்பெனி லெட்டர் கொடுத்திருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன். ஐந்து அச்சில் திருப்பிக் கடையும் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின், அளவு பார்க்க சி.எம்.எம்., ஏசி ரூம், சர்டிஃபிகேட் எல்லாம் சேர்த்து 2.30 கோடி ஆகிறது. பேங்க்கில் 1.75 கோடி தருகிறார்கள், ஏழு வருஷத் தவணை. அன்னூர் பக்கம் இருக்கும் மூன்றரை ஏக்கர் தோட்டத்தை அடமானம் கேட்கிறார்கள். தோட்டம் வீட்டுக்காரம்மா பேரில் இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் வேறு வருகிறது. செய்யலாமா, வேண்டாமா?"

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கணபதி

பதில்:

தோட்டத்தை வைக்காதீர்கள். மகனையும் தடுக்காதீர்கள். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். அது பர்ச்சேஸ் ஆர்டர் இல்லை. வாங்குகிற எண்ணம் இருக்கிறது என்று சொல்கிற கடிதம், எல்.ஓ.ஐ. என்பார்களே, அது. மணிக்கு 2,200 ரூபாய் என்று ரேட் இருக்கிறது. ஒரு ராக்கெட்டுக்கு உங்களிடம் வரும் பாகங்கள் மொத்தம் 240 மெஷின் மணி நேரம் என்றும் இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை செட் என்ற இடத்தில் மட்டும் 'திட்டத்தின் தேவைக்கேற்ப' என்று போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறைகளுக்குச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுப்பவன் நான். எனக்கு முதலில் உறுத்தியது அந்த வார்த்தைதான்.

1.75 கோடிக்கு 10.5 சதவீத வட்டியில், 84 மாதத்துக்குத் தவணை சுமார் 2.95 லட்சம் வரும். ஒரு புரோகிராமர், இரண்டு ஷிஃப்ட்டுக்கு ஆபரேட்டர், டூல்ஸ், கரன்ட், மெயின்டனன்ஸ் என்று மாதம் 1.80 லட்சம் வைத்துக்கொள்வோம். குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். ஆக மாதம் 4.75 லட்சம். நீங்கள் கையிலிருந்து போடும் 55 லட்சத்துக்கு இதில் ஒரு பைசா வட்டிகூடச் சேர்க்கவில்லை. இதை 2,200-ஆல் வகுத்தால், அந்த மெஷின் மாதம் 216 மணி நேரம் பில் போடுகிற மாதிரி ஓடினால்தான் கைக்குக் கை சரியாகும். வருஷத்துக்கு 2,592 மணி நேரம். ஒரு ராக்கெட்டுக்கு 240 என்றால், வருஷத்துக்குப் பதினொரு ராக்கெட்.

அதாவது உங்கள் தோட்டம் தப்ப வேண்டுமானால், அந்தக் கம்பெனி வருஷத்துக்குப் பதினொரு ராக்கெட் விட வேண்டும். அதுவும் கடன் வாங்கிய முதல் வருஷத்திலிருந்தே.

உலகத்தில் சிறிய ராக்கெட் தொழிலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி ராக்கெட் லேப். பீட்டர் பெக் என்பவர் 2006-இல் நியூசிலாந்தில் தொடங்கியது. அவர்களுடைய எலக்ட்ரான் ராக்கெட் 2017 மே மாதம் முதன்முதலாகக் கிளம்பியது, சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2018-இல் மூன்று முறை விட்டார்கள். 2019-இல் 6, அடுத்த வருஷம் 7, 2021-இல் மறுபடி 6. அப்புறம் 9, 10. பதினொன்றைத் தாண்டியது 2024-இல், அந்த வருஷம் 16. முதல் ராக்கெட்டிலிருந்து எண்ணினால் ஏழு வருஷம் ஆகிறது. உங்கள் கடனும் ஏழு வருஷம். இந்தத் தொழிலில் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரெடுத்த கம்பெனியையே உங்கள் வாடிக்கையாளராக வைத்துக்கொண்டாலும், கடைசித் தவணை கட்டி முடிக்கிற வருஷத்தில்தான் மெஷினுக்கு முழு வேலை வந்திருக்கும்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? பொறியாளர்களுக்குத் திறமை போதாமல் இல்லை. விலைதான் பிரச்சினை. பொள்ளாச்சிக்கு ஒரு மோட்டார் அனுப்ப வேண்டும். பார்சல் லாரியில் போட்டால் ஒரு ரேட், தனி டெம்போ பிடித்தால் ஒரு ரேட். ஸ்பேஸ்எக்ஸ் 2019-இல் பார்சல் சர்வீஸ் ஆரம்பித்தது: பெரிய ஃபால்கன் 9 ராக்கெட்டில் பல பேருடைய சின்னச் சின்ன செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போவது. 2024-இல் அதன் ரேட் 50 கிலோவுக்கு 3 லட்சம் டாலர், அதாவது கிலோவுக்கு 6,000 டாலர். எலக்ட்ரான் தனி டெம்போ. 300 கிலோ வரை ஏற்றும், அப்போது சுமார் 75 லட்சம் டாலர். முழுசாக ஏற்றினாலே கிலோவுக்கு 25,000 டாலர் ஆகிறது. நான்கு மடங்கு. 'எனக்கு இந்தத் தேதியில், இந்தப் பாதையில்தான் வேண்டும்' என்பவர்கள் மட்டும் அதைக் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ராணுவமும் அதில் உண்டு. ஆனால் உலகம் முழுக்க எத்தனை சிறிய ராக்கெட் கம்பெனிகள் அதே ஆட்களின் வாசலில் நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

ராக்கெட் லேபே இதைப் புரிந்துகொண்டுதான் நடந்துகொண்டது. 2024-இல் அதன் வருமானம் சுமார் 43.6 கோடி டாலர். அதில் பெரும்பகுதி ராக்கெட் விட்டதில் வரவில்லை. செயற்கைக்கோள் கட்டிக் கொடுத்தது, அதற்கான பாகங்கள் விற்றது ஆகியவற்றில் வந்தது. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், பின்னால் உதவும்.

'ஸ்பேஸ்எக்ஸ் 2024-இல் ஃபால்கனை 134 முறை விட்டதே' என்று அவர் கேட்பார். விட்டது. அதில் பாதிக்கும் மேல் அதன் சொந்த ஸ்டார்லிங்க் இன்டர்நெட் செயற்கைக்கோள்களுக்காக. வெளியில் அவ்வளவு சரக்கு கிடைக்காததால் தானே சரக்கும் தயாரித்து, தன் லாரியிலேயே ஏற்றி, சந்தாவாகக் காசை எடுக்கிறது. அந்தக் கம்பெனி உயிரோடு இருப்பதே ஒரு அரசாங்க ஆர்டரால்தான். அதன் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது முறை ஜெயித்தது. கஜானா ஏறக்குறையக் காலி. அந்த டிசம்பரில் நாசா 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஆர்டர் கொடுத்தது. மானியமாக இல்லை. இத்தனை பயணம், இத்தனை பணம் என்று எண்ணிக்கை போட்ட ஆர்டர். உங்களிடம் இருக்கும் லெட்டரில் இல்லாதது அதுதான். எனவே அந்தக் கம்பெனியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள்' என்பதாக இருக்கக் கூடாது. 'உங்களுக்கு யார் எண்ணிக்கை போட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு அட்வான்ஸ் வந்திருக்கிறது' என்று கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் என்ற முறையில் இன்னும் இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராக்கெட் பற்றிய வீடியோக்களில் இதை யாரும் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

ராக்கெட்டின் முதல் அடுக்கைத் திரும்ப இறக்கி மறுபடி பயன்படுத்துவதால்தான் ஃபால்கனுக்குச் செலவு குறைந்தது. 2015 டிசம்பரில் முதலில் இறக்கினார்கள், 2017 மார்ச்சில் ஒருமுறை பறந்ததையே மறுபடி விட்டார்கள். இப்போது ஒரே பூஸ்டர், அதாவது அந்த முதல் அடுக்கு, இருபது தடவைக்கு மேல் பறக்கிறது. விடுகிறவனுக்கு லாபம், சரி. பாகம் கடைகிறவனுக்கு? இருபது முறை பறந்தாலும் முதல் அடுக்குக்கு ஒரு செட்தான் ஆர்டர். மேலடுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

அடுத்தது நம் ஊர்ச் செய்தி. சென்னை ஐஐடியில் 2017-இல் பிறந்த அக்னிகுல் என்ற தனியார் ராக்கெட் கம்பெனி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுமேடையிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை விட்டது. சுற்றுப்பாதைக்குப் போகிற பயணமில்லை, சோதனைதான். கடைசி நேரத்தில் பலமுறை தள்ளிப்போய், அப்புறம்தான் கிளம்பியது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுத்தது. மகன் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார், படட்டும், பெருமையான விஷயம்தான். ஆனால் ஒரே துண்டு என்றால் என்ன அர்த்தம்? பழைய முறையில் தனித்தனியாகக் கடைந்து, துளை போட்டு, பற்றவைத்து, போல்ட் முடுக்கிய அத்தனை பாகங்களும் இப்போது இல்லை. அந்தப் பாகங்கள் உங்களைப் போன்ற பட்டறைகளில் செய்தவை. அச்சடித்த பிறகு முகப்பையும் துளைகளையும் கடைந்து முடிக்கிற வேலை மிஞ்சும். அது நுணுக்கமான வேலை, மணி நேரம் குறைவு. இந்தக் கம்பெனிதான் உங்கள் வாடிக்கையாளர் என்று நான் சொல்ல வரவில்லை. ராக்கெட் தொழிலில் புதுமை என்று கொண்டாடுவதில் பாதி, பாகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிற புதுமை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்புறம் பணம் வருகிற வழி. இந்தக் கம்பெனிகள் பல வருஷம் முதலீட்டாளர் காசில்தான் ஓடும், விற்ற காசில் ஓடாது. முதலீடு நின்றால் உங்கள் பில் நிற்கும். வெர்ஜின் ஆர்பிட் என்ற அமெரிக்க ராக்கெட் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 2021 டிசம்பர் கடைசியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு 320 கோடி டாலர் அளவுக்குப் பேசப்பட்டது. போயிங் 747 விமானத்தின் இறக்கைக்குக் கீழே ராக்கெட்டைத் தொங்கவிட்டு, நடுவானில் விடுவார்கள். ஆறு முறை விட்டதில் நான்கு வெற்றி. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து விட்டது தோற்றது. எரிபொருள் வழியில் ஒரு வடிகட்டி இடம் நகர்ந்துவிட்டது. 100 டாலர் பெறுமான பாகம் என்று கம்பெனித் தலைவரே சொன்னார். அடுத்த முதலீடு கிடைக்கவில்லை. ஏப்ரலில் திவால். சொத்துகளை ஏலம் விட்டதில் 3.6 கோடி டாலர் அளவுக்குத்தான் தேறியது. அதில் விமானத்துக்கே 1.7 கோடி. லாங் பீச்சில் இருந்த தொழிற்சாலையையும் மெஷின்களையும் 1.61 கோடி டாலருக்கு எடுத்தது யார் தெரியுமா? ராக்கெட் லேப்தான். திவால் கோர்ட்டில் அடமானம் எழுதி வாங்கிய கடன்காரர்கள் முன் வரிசையில் நிற்பார்கள். பாகம் சப்ளை செய்தவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான்.

அந்த 100 டாலர் வடிகட்டியில் உங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. பாகத்தின் விலை 8,000 ரூபாயாக இருக்கலாம். அது போய் உட்காரும் ராக்கெட் பல கோடி. உங்கள் பொறுப்பு அந்தப் பாகத்தின் பில் தொகைக்கு மேல் போகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கண்டிப்பாக வேண்டும்.

என் க்ளையன்ட் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், அது ட்ரோன் செய்யும் ஸ்டார்ட்-அப். 31 லட்சத்துக்குப் பாகம் செய்து கொடுத்தார். நடுவில் டிசைனை மூன்று முறை மாற்றினார்கள். முதல் டிசைனில் செய்த 140 பீஸ் அவர் பட்டறை ஓரத்தில், எண்ணெய்த் தாள் சுற்றி, இன்னும் அப்படியே கிடக்கிறது. பணம் ஒன்பது மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் 19 லட்சம். மீதிக்கு 'ஷேர் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். எடுத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன். போனில் சொன்னேன், எழுத்தில் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என் மனசில் குறையாக இருக்கிறது.

குலசேகரப்பட்டினம் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தளம் வேண்டியதுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு விட்டால் இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள், 986 கோடி ரூபாய்த் திட்டம். ஆனால் ஏவுதளத்தில் யாரும் பாகம் கடைவதில்லை. துறைமுகம் பக்கத்தில் வந்தால் கப்பல் கட்டுகிற ஆர்டரும் வந்துவிடும் என்று நினைக்கிற மாதிரிதான் இது. அங்கிருந்து பறக்கப்போகும், இஸ்ரோ உருவாக்கிய எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை 2025 ஜூனில் பெங்களூர் விமானக் கம்பெனியான எச்.ஏ.எல். 511 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. தட்டுவதானால் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். எச்.ஏ.எல். பொதுத்துறை. பேமென்ட் தாமதமாகலாம், ஆனால் காணாமல் போகாது.

சரி, என்னதான் செய்வது?

முதலில் சர்டிஃபிகேட். விமான, விண்வெளி வேலைக்குக் கேட்கிற ஏ.எஸ். 9100 தரச்சான்றுக்கு ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் தேவையில்லை. இப்போதிருக்கும் இரண்டு வி.எம்.சி.-யை வைத்தே வாங்கலாம். சில லட்சமும் ஒரு வருஷப் பொறுமையும் போதும். எந்தக் கம்பி எந்த ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்), யார் எந்தத் தேதியில் கடைந்தார், எந்தக் கருவியில் அளந்தார் என்று ஒவ்வொரு பீஸுக்கும் தாள் இருக்க வேண்டும். பம்ப் வேலையில் பழகிய பட்டறைக்கு மெஷினைவிட இதுதான் கஷ்டம். உங்கள் மகன் பெங்களூரில் நான்கு வருஷம் இதைத்தான் பார்த்திருப்பார். இதற்கு அவரைப் பொறுப்பாளராக்குங்கள். இந்தச் சான்று கையில் இருந்தால் விமானப் பாகம், செயற்கைக்கோள் பாகம், எல்லாவற்றின் கதவும் திறக்கும். ராக்கெட் லேப் எதில் சம்பாதிக்கிறது என்று மேலே சொன்னேனே, அது நினைவிருக்கட்டும்.

ஃபைவ் ஆக்சிஸ் வேலைக்கு இப்போதைக்கு வெளியில் மணி வாடகைக்கு எடுங்கள். கோயமுத்தூரில் மெஷின் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இராத்திரி ஷிஃப்ட்டைச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். உங்களுக்கு மார்ஜின் குறையும், தூக்கம் வரும்.

மெஷின் வாங்குவதாக இருந்தால், மாதம் 216 மணி நேரத்தில் குறைந்தது 150 மணி நேரம் ராக்கெட் அல்லாத வேலையாக இருக்கட்டும். பம்ப் இம்பெல்லர், டை, மோல்டு, ஆஸ்பத்திரி இம்ப்ளான்ட் எல்லாமே அந்த மெஷினுக்கு ஏற்ற வேலைதான். அந்த 150 மணிக்கு எழுத்தில் ஆர்டர் வந்த பிறகு பேங்க்குக்குப் போங்கள். போகும்போது சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத் திட்டத்தில் கேளுங்கள். சிறு தொழில்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி வரை அடமானம் இல்லாத கடனுக்கு அந்த உத்தரவாதம் கிடைக்கும். கட்டணம் உண்டு, கொடுக்கலாம். மேனேஜர்கள் தாங்களாக இதைச் சொல்வதில்லை. தோட்டத்தைக் காட்டினால் அவர்களுக்கு வேலை சுலபம். மாவட்டத் தொழில் மையத்தில் மூலதன மானியத்தையும் விசாரியுங்கள், மெஷினுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்பே.

ராக்கெட் கம்பெனியிடம் பர்ச்சேஸ் ஆர்டர் பேசும்போது முப்பது சதவீதம் அட்வான்ஸ் கேளுங்கள். டிசைன் மாறினால் அதுவரை செய்த பீஸுக்கும் பாதியில் நிற்கிற பீஸுக்கும் பணம் தர வேண்டும். டைட்டானியம் மாதிரி விலை உயர்ந்த மெட்டீரியலை அவர்களே கொடுத்தால், ரிஜெக்‌ஷனில் எத்தனை சதவீதம் வரை உங்கள் தலையில் விழாது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டி கெட்டால் அந்த மாத லாபம் போய்விடும். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு எண் பில்லில் இருக்கட்டும். 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா. பணத்துக்குப் பதில் ஷேர் என்றால் வேண்டாம். இந்த முறை எழுத்தில் சொல்கிறேன்.

லெட்டரில் மூன்று மாதிரி பீஸ் கேட்டிருக்கிறார்கள். அதை மறுக்காதீர்கள். வாடகை மெஷினில் மகனே நின்று செய்யட்டும். செட்டிங்குக்கு எவ்வளவு நேரம், எத்தனை பீஸ் கெட்டது, அளவு பார்க்க எவ்வளவு நேரம் ஆனது என்று நிமிஷக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் போட்டிருக்கும் 240 மணி சரியா என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.